ஒரு நகரத்தை வரைபடத்தில் வைத்துப் படிப்பது எப்படி

நகர்ப்புறப் புவியியல் படிக்க உட்காரும் பலரும் முதலில் மாட்டிக்கொள்வது அறிஞர்களின் பெயர்களில்தான். பர்ஜஸ் என்றால் வட்டம், ஹாய்ட் என்றால் ஆப்பு, கிறிஸ்டாலர் என்றால் அறுகோணம் என்று மனப்பாடம் செய்து, தேர்வில் படம் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவோம், அப்புறம் நிஜமான ஒரு நகரத்தில் போய் இறங்கி நின்றால் அந்தப் படங்களில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. நானும் அப்படித்தான் படித்தேன். இந்தக் கோட்பாடுகள் எல்லாமே விடைகள் என்பதும், கேள்வியை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. கேள்வி ஒன்றேதான்: இது ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை?

அதனால் தலைகீழாகப் போவோம். ஏதாவது ஒரு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்ததோ பார்க்காததோ எதுவானாலும் சரி. இணைய வரைபடம் ஒன்று, அதில் செயற்கைக்கோள் படத்துக்கு மாறும் வசதி, தூரம் அளக்கும் கருவி, ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

முதலில் எல்லையை நம்பாதீர்கள்

உலகின் மிகப் பெரிய நகரம் சீனாவின் சோங்கிங், மக்கள்தொகை 3.2 கோடி என்று அவ்வப்போது செய்தி வரும். எண் சரிதான், 2020 கணக்கெடுப்பில் வந்தது. ஆனால் சோங்கிங் மாநகராட்சியின் பரப்பு சுமார் 82,000 சதுர கி.மீ., கிட்டத்தட்ட ஆஸ்திரியா நாட்டின் அளவு. அதற்குள் மலையும் வயலும் கிராமங்களும் கிடக்கின்றன. இன்னொரு பக்கம், 'சிட்டி ஆஃப் லண்டன்' என்ற நிர்வாகப் பகுதி வெறும் 3 சதுர கி.மீ.கூட இல்லை, அங்கே குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். லண்டன் சின்ன ஊர் என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே நோட்டில் முதல் பக்கத்திலேயே மூன்று எல்லைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: சட்டப்படி உள்ள நிர்வாக எல்லை, செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்கள் தொடர்ந்து தெரியும் பரப்பு, தினமும் வேலைக்கு வந்து திரும்புபவர்கள் எங்கெங்கே இருந்து வருகிறார்களோ அந்தப் பரப்பு. மூன்றும் ஒன்றாக இருக்கும் நகரத்தைப் பார்ப்பது அபூர்வம். எது நகரம் என்பதிலேயே நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் அது நகர்ப்புறம், ஜப்பானில் 'ஷி' என்ற தகுதிக்குப் பொதுவாக 50,000 பேர் வேண்டும். இரண்டு நகரங்களை ஒப்பிடும்போது ஒன்றுக்கு நிர்வாக எல்லையும் இன்னொன்றுக்குப் பெருநகரப் பரப்பும் எடுத்துவிட்டால் மேற்கொண்டு செய்யும் கணக்கெல்லாம் வீண். நிறைய பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இருப்பிடமும் சூழமைவும்

இருப்பிடம் என்பது நகரம் உட்கார்ந்திருக்கும் தரை: மேடா, பள்ளமா, பாறையா, சேறா, தண்ணீர் எங்கே. சூழமைவு என்பது மற்ற இடங்களோடு அதற்குள்ள உறவு: எந்த ஆற்றின் வாயில், எந்த இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு நியூ ஆர்லியன்ஸைவிட நல்ல பாடம் கிடையாது. 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை நிறுவிய இடம் சதுப்பு, கொசு, வெள்ளம். இருப்பிடமாகப் பார்த்தால் யாரும் வீடு கட்டமாட்டார்கள். ஆனால் வட அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதையும் வடிக்கும் மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். அவ்வளவு பெரிய நிலப்பரப்பின் சரக்கு இந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சூழமைவு அவ்வளவு நன்றாக இருந்ததால் மோசமான இருப்பிடத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

2005-இல் கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து நகரத்தின் சுமார் 80 விழுக்காடு தண்ணீருக்குள் போனபோது, மிகப் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டர் பெரும்பாலும் தப்பித்தது. காரணம் எளிது. ஆறு பல நூற்றாண்டுகளாக வெள்ளத்தில் கொண்டுவந்து கரையோரம் போட்ட வண்டலால் உண்டான இயற்கை மேட்டில் அது இருக்கிறது. முதலில் வந்தவர்கள் மேட்டைப் பிடித்தார்கள், பின்னால் வந்தவர்களுக்குத் தண்ணீரை இறைத்துக் காயவைத்த பள்ளம் கிடைத்தது. உங்கள் நகரத்திலும் இதைச் சோதிக்கலாம்: நில உயரம் காட்டும் வரைபடத்தை எடுத்து, மிகப் பழைய பகுதி எந்த உயரத்தில் இருக்கிறது, கடைசியாக வந்த குடியிருப்புகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று குறித்துப் பாருங்கள்.

நேரத்தை வைத்து வட்டம் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்து பார்ப்பேன் என்றால் இதைச் செய்யுங்கள். மனிதர்கள் எந்தக் காலத்திலும் போய்வருவதற்கு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் ஒதுக்குகிறார்கள், வேகமான வண்டி கிடைத்தால் நேரத்தை மிச்சப்படுத்தாமல் இன்னும் தூரமாகக் குடிபோய்விடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். இதை இயற்கை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு மணி நேரம் பேருந்தில் நசுங்குபவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் தோராயக் கணக்குக்கு இது அருமையான கருவி.

போக அரை மணி, வர அரை மணி. நடையில் மணிக்கு 5 கி.மீ. என்றால் அரை மணியில் 2.5 கி.மீ. அதை ஆரமாக வைத்து வட்டம் போட்டால் பரப்பு சுமார் 20 சதுர கி.மீ. டிராம் வந்து வேகம் 15 கி.மீ. ஆனால் ஆரம் 7.5, பரப்பு சுமார் 177. கார் 40 கி.மீ. வேகத்தில் போனால் ஆரம் 20 கி.மீ., பரப்பு 1,250 சதுர கி.மீ.க்கும் மேல். வேகம் 8 மடங்கு, நிலம் 64 மடங்கு! நகர்ப் பரவல் என்று சொல்கிறோமே, அதன் எலும்புக்கூடு இந்த வர்க்கக் கணக்குதான்.

இப்போது உங்கள் நகரத்தின் மிகப் பழைய மையத்தைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி 2.5 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ரயில் வருவதற்கு முன்பே இருந்த நகரமாக இருந்தால் வட்டத்துக்குள் தெருக்கள் குறுகலாகவும் வளைந்தும், கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கும். வட்டத்தைத் தாண்டியதும் ரயில் பாதைகளை ஒட்டி விரல்போல நீளும். அதற்கு அப்பால் விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கார் நிரப்பியிருக்கும். அந்த இடைவெளி நிரம்பக் கூடாது என்று திட்டம் போட்டே தடுக்கப் பார்த்த நகரம் கோபன்ஹேகன். 1947-இல் வந்த அதன் 'விரல் திட்டம்' ரயில் பாதைகளை ஒட்டி ஐந்து விரல்களில் மட்டும் நகரம் வளர வேண்டும், நடுவே பசுமை இருக்க வேண்டும் என்றது.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஏன் பலிப்பதில்லை என்பதும் இதே கணக்கில் விளங்கும். வேகம் கூடினால் வட்டம் பெரிதாகும், புது வட்டத்துக்குள் புது வீடுகள் வரும், அங்கே குடிவந்தவர்களும் அதே சாலையில் ஏறுவார்கள். இதைத் தூண்டப்பட்ட தேவை என்பார்கள். எதிர்த்திசையிலும் ஒரு சோதனை நடந்தது: சியோலில் நகர மையத்தின் மேல் ஓடிய உயர்மட்டச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, அதன் அடியில் புதைந்து கிடந்த சோங்கேசான் ஓடையை 2005-இல் திறந்துவிட்டார்கள். நகரம் நின்றுபோய்விடவில்லை.

யார் எவ்வளவு கொடுக்கத் தயார்?

வட்டம் போட்டாயிற்று, அதற்குள் யார் எங்கே உட்காருவது? இங்கேதான் நிலவாடகைக் கோட்பாடு வருகிறது. இதன் வேர் 1826-இல் ஜெர்மன் பண்ணையார் ஃபான் தூனன் எழுதியதில் இருக்கிறது: சந்தைக்குப் பக்கத்தில் பாலும் காய்கறியும், கொஞ்சம் தள்ளி விறகுக் காடு, அப்புறம் தானியம், கடைசியில் மேய்ச்சல். கெட்டுப்போவதும் கனமானதும் பக்கத்துக்குப் போட்டியிடும், தானே நடந்து வரும் மாடு தூரமாக இருந்தால் பரவாயில்லை. 1964-இல் வில்லியம் அலோன்சோ இதையே நகரத்துக்குப் பொருத்தினார். மையத்தில் ஓர் அடி நிலத்துக்குக் கடைக்காரர் மிக அதிகம் கொடுப்பார், ஏனென்றால் நான்கு தெரு தள்ளினால் அவருக்கு வாடிக்கையாளர் பாதியாகிவிடுவார்கள். அலுவலகத்துக்கு அந்த அவசரம் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு இன்னும் குறைவு. மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக ஒவ்வொருவரும் கொடுக்கத் தயாரான விலையைக் கோடாக வரைந்தால் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு சரிவில் இறங்கும், எந்த இடத்தில் யாருடைய கோடு மேலே இருக்கிறதோ அந்த இடம் அவருக்கு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் பழைய படங்களைப் பாருங்கள். எர்னஸ்ட் பர்ஜஸ் 1925-இல் வரைந்த பொதுமைய வட்டங்கள் சிகாகோவுக்கானவை. 1840-இல் ஐயாயிரம் பேர்கூட இல்லாமல், 1890-இல் பத்து லட்சத்தைத் தாண்டி, 1930-இல் 33 லட்சத்துக்கு மேல் போன ஊர் அது. புதிதாக வருபவர்கள் மையத்துக்கு ஒட்டிய மலிவான வளையத்தில் வந்து இறங்குவார்கள், கொஞ்சம் காசு சேர்ந்ததும் அடுத்த வளையத்துக்கு நகர்வார்கள், அந்த இடத்துக்கு அடுத்த அலை வரும். அப்படி ஓடிக்கொண்டிருந்த நகரத்தை ஒரு நொடி நிறுத்திப் பிடித்த படம் அது. இன்னொரு வேடிக்கை, கிழக்கே மிச்சிகன் ஏரி இருப்பதால் சிகாகோவிலேயே அந்த வட்டங்கள் பாதிதான்.

1939-இல் ஹோமர் ஹாய்ட் 142 அமெரிக்க நகரங்களின் வாடகைத் தகவலை வைத்து, வட்டம் என்பதைவிட ஆப்பு என்பதே சரி, பணக்காரப் பகுதி நல்ல சாலையைப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் வெளியே நீளும் என்றார். 1945-இல் ஹாரிஸும் உல்மனும் ஒரு மையம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, துறைமுகம், பல்கலைக்கழகம், விமான நிலையம் என்று பல கருக்களைச் சுற்றி நகரம் திரளும் என்றார்கள். மூன்றில் எது சரி என்று கேட்பது தேர்வுத்தாளின் கேள்வி. எது எங்கே உடைகிறது என்று தேடினால்தான் ஏதாவது கிடைக்கும். பாரிஸில் பர்ஜஸ் தலைகீழாகிறார்: வசதியானவர்கள் பெரும்பாலும் நடுவில், ஏழைகள் பலர் புறநகர் அடுக்ககங்களில். 1853 முதல் 1870 வரை அரசு அதிகாரி ஓஸ்மான் பழைய குடியிருப்புகளை இடித்து அகலமான சாலைகளும் ஒரே உயரக் கட்டடங்களும் போட்டதில் நடுவின் வாடகை ஏறி, உழைப்பாளிகள் வெளியே தள்ளப்பட்டது அதற்கு ஒரு காரணம். சந்தை தானாகச் செய்தது, அரசு கைவைத்துச் செய்தது என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். இந்த இரண்டாவது பத்தி எதிர்பார்த்ததைவிட நீளமாக வரும்.

மையத்தை ஒட்டிய அந்த மலிவான வளையத்தை, பர்ஜஸின் 'மாறும் வளையத்தை', தெருவில் நின்று அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய பெரிய வீடு, முகப்பில் வளைவும் தூணும் இருக்கும், வாசல் பக்கச் சுவரைப் பார்த்தால் எட்டு மின் மீட்டர், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்ச்சீட்டு, முன்னறையின் சன்னலை உடைத்துக் கடைக்கதவு போட்டிருப்பார்கள். வீடு கட்டியவரின் வகுப்பு இங்கிருந்து போய்விட்டது, நிலத்தின் விலை ஏறட்டும் என்று உரிமையாளர் காத்திருக்கிறார், அதனால் பழுதுபார்க்கவும் செலவு செய்யமாட்டார். இந்தக் காத்திருப்புக்கு நீல் ஸ்மித் 1979-இல் வாடகை இடைவெளி என்று பெயர் வைத்தார்: இப்போது நிலத்துக்குக் கிடைப்பதற்கும், மாற்றிக் கட்டினால் கிடைக்கக்கூடியதற்கும் உள்ள வித்தியாசம். அது போதுமான அளவு விரிந்ததும் முதலீடு வரும், வசதியானவர்கள் வருவார்கள், எட்டு மீட்டர் மறுபடி ஒன்றாகும். இந்த மாற்றத்துக்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயரிட்டவர் ரூத் கிளாஸ், 1964-இல், லண்டனைப் பார்த்து.

மனையும் தெருவும்

அடர்த்தி என்றால் உயரமான கட்டடம் என்று நினைப்பது பரவலான குழப்பம். மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் எஃப்எஸ்ஐ என்கிற தளப்பரப்புக் குறியீட்டை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். மனை 400 சதுர மீட்டர், குறியீடு 2 என்றால் மொத்தம் 800 சதுர மீட்டர் கட்டலாம். மனை முழுவதையும் அடைத்து இரண்டு தளம் கட்டினாலும் 800, கால்வாசி மனையில் எட்டுத் தளம் கட்டினாலும் அதே 800. பின்னது வானளாவித் தெரியும், ஆனால் ஒரு சதுர அடிகூட அதிகம் கிடையாது. பாரிஸ் நகர எல்லைக்குள் ஒரு சதுர கி.மீ.க்குச் சுமார் 20,000 பேர் வாழ்கிறார்கள், பெரும்பாலும் ஆறேழு தளக் கட்டடங்களில். அப்புறம், அடர்த்தி என்பது நிலத்துக்கு எத்தனை பேர், நெருக்கடி என்பது அறைக்கு எத்தனை பேர். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாதாடுபவர்கள் நிறைய.

சில கட்டடங்கள் மேலே போகப் போகப் படிக்கட்டுபோல உள்வாங்கி இருப்பதற்கும் விதிதான் காரணம். நியூயார்க்கில் 1915-இல் எக்விடபிள் கட்டடம் நேராக ஏறி நின்று அக்கம்பக்கத்தை நிழலில் போட்டதும், ஏற்கெனவே கிளம்பியிருந்த எதிர்ப்பு வலுத்து, 1916-இல் மண்டல விதி வந்தது: ஒரு உயரத்துக்கு மேல் பின்வாங்கித்தான் கட்ட வேண்டும். எந்த நகரத்திலும் ஒரே மாதிரி வினோதம் பத்துக் கட்டடங்களில் தெரிந்தால், அழகுணர்ச்சியைத் தேடாமல் அந்தக் காலத்து விதிப்புத்தகத்தைத் தேடுங்கள்.

தெருக்கட்டத்தை அளப்பது இன்னும் சுலபம். ஓரிகனின் போர்ட்லண்டில் நகர மையக் கட்டம் ஒன்றின் பக்கம் சுமார் 61 மீட்டர், சால்ட் லேக் சிட்டியில் சுமார் 201 மீட்டர். தெரு அகலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு சதுர கி.மீ.க்குள் முதலாவதில் 150 சந்திப்புகள் அளவுக்கு வரும், இரண்டாவதில் 17. நடந்து போகிறவருக்கு ஒன்றில் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை வழி மாற்ற வாய்ப்பு, மற்றதில் வெயிலில் மூன்று நிமிடம் ஒரே சுவரோரம். இரண்டுமே கட்டத்திட்டம்தான் என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பக்கத்து ஊர்கள்

நகரத்தை விட்டுக் கொஞ்சம் பின்வாங்கிப் பாருங்கள். வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் தென் ஜெர்மனியை வைத்துச் சொன்ன மைய இடக் கோட்பாட்டில் இரண்டே சொற்கள் முக்கியம். ஒரு தொழில் பிழைக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது வாசல் அளவு, அதற்காக மக்கள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்பது வீச்சு. தினமும் வேண்டிய பொருளுக்கு இரண்டும் சிறியவை, அதனால் ஊருக்கு ஊர் கிடைக்கும். இதய அறுவை சிகிச்சைக்கு இரண்டும் பெரியவை, அதனால் பெருநகரத்தில் மட்டும். அறுகோணம் ஏன் என்றால், வட்டங்களை அடுக்கினால் நடுவே சந்து விழும் அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அறுகோணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அவ்வளவுதான்.

இரண்டு ஊர்களின் சந்தை எங்கே பிரிகிறது என்று பார்க்க, வில்லியம் ரைலி 1931-இல் சொன்ன விதியிலிருந்து வந்த எளிய கணக்கு இருக்கிறது. ஓர் ஊரில் 4 லட்சம் பேர், இன்னொன்றில் 1 லட்சம், இடையே 30 கி.மீ. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 4, வர்க்கமூலம் 2, ஒன்றைக் கூட்டினால் 3. முப்பதை மூன்றால் வகுத்தால் 10. சின்ன ஊரிலிருந்து 10 கி.மீ. வரை அதன் பிடி, அதைத் தாண்டினால் பெரிய ஊர் இழுத்துக்கொள்ளும். நடுவே பாலமில்லாத ஆறு இருந்தால் கணக்குத் தப்பும், அந்தத் தப்பையும் குறித்துவையுங்கள்.

நாடு முழுவதையும் பார்க்கத் தரவரிசை விதி. இரண்டாம் நகரம் முதல் நகரத்தில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் 88 லட்சம், லாஸ் ஏஞ்சலஸ் 39, சிகாகோ 27, ஹூஸ்டன் 23. விதி சொல்வது 44, 29, 22. மோசமில்லை. பிரான்ஸில் இது பொருந்தாது, பாரிஸ் பெருநகரம் அடுத்த இடத்தில் உள்ள லியோனைப்போல ஐந்து மடங்குக்கு மேல். இப்படி ஒன்றே வீங்கியிருப்பதை மார்க் ஜெஃபர்சன் 1939-இல் முதன்மை நகரம் என்றார். தாய்லாந்தின் பாங்காக் இன்னும் தீவிரமான உதாரணம்.

கடைசியாக நடை. சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பதை நகர வெப்பத் தீவு என்பார்கள், அதைப் புரிந்துகொள்ள ஒரு சாதாரண வெப்பமானி போதும், வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலும் அதன் வெளியிலும் அளந்து ஒப்பிட்டதும் வெப்பமானியை வைத்துத்தான். காற்றில்லாத, மேகமில்லாத நாளாகப் பார்த்து, சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள், ஏனென்றால் பகலில் கல்லும் கான்கிரீட்டும் வாங்கி வைத்த சூட்டை இரவில்தான் வெளியே விடும், குறுகலான தெருவில் சுவர்கள் அதை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். 2.5 கி.மீ. வட்டத்துக்குள் ஒரு நெருக்கமான தெரு, வட்டத்தின் விளிம்பில் ஒரு பூங்கா, வெளியே ஒரு திறந்தவெளி என்று மூன்று இடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் வெப்பமானியைப் பிடித்து, ஐந்து நிமிடம் நின்று, நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். முடித்ததும் முதல் இடத்துக்கே திரும்பி வந்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள், நீங்கள் நடந்த நேரத்தில் ஊரே எவ்வளவு குளிர்ந்தது என்று கழிக்க அது வேண்டும். இப்போதுதான் நிறுத்திய கார் பக்கத்தில் நின்று மட்டும் அளக்காதீர்கள், அது காரின் சூடு.